இடிக்கும் முன் ஐந்து நாள் கொடுங்கள்

தெற்கு ரயில்வே திருச்சிராப்பள்ளிக் கோட்ட மேலாளர் அவர்களுக்கும், அக்கோட்டத்தின் பொறியியல், சிக்னல், வணிகப் பிரிவு அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

விழுப்புரத்தில் பிரிந்து ஒரு பாதை புதுச்சேரிக்குப் போகிறது. இன்னொன்று பண்ருட்டி, கடலூர், சிதம்பரம் வழியாகத் தெற்கே இறங்குகிறது. இந்த இரண்டின் ஓரத்திலும் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) காலத்து நிலையக் கட்டடங்கள் சில பூட்டிக் கிடக்கின்றன. பக்கத்திலேயே புதுக் கட்டடமோ தகரக் கூரையோ வந்துவிட்டது. பழையது கண்டம் ஆகிவிட்டது, அதாவது பயன்படுத்தத் தகாது என்று ஒதுக்கியாயிற்று என்பார்கள். அப்படி ஒரு கட்டடத்தை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறோம். எந்த ஊர் என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த வாரம் அதன் தேக்குக் கதவு இருக்காது. ஊர்ப்பெயரை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதுகிறோம்.

கேட்பது இதுதான். இடிக்கும் டெண்டர் போடுவதற்கு முன்னால், கட்டடத்தை அளந்து பதிவு செய்ய எங்களில் நான்கு பேருக்கு ஐந்து நாள் அனுமதி கொடுங்கள். கூடவே உங்கள் பிரிவுப் பொறியாளர் ஒருவரை அனுப்புங்கள். கட்டடத்தை எப்பாடு பட்டாவது நிறுத்தி வையுங்கள் என்று அடம்பிடிக்கவில்லை. இடிப்பதானால் படித்துவிட்டு இடியுங்கள் என்கிறோம். கோயில் திருப்பணியின்போது கல்வெட்டைப் படி எடுக்காமல் சுவரைப் பிரித்தால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலில் ஆண்டுக் கணக்கு. ஏனென்றால் பெரும்பாலான தப்பு அங்கேதான் தொடங்குகிறது. நாகப்பட்டினத்திலிருந்து பாதை போட்ட கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் கம்பெனியும் சேர்ந்து 1874-இல் தென்னிந்திய ரயில்வே ஆயின. சென்னையிலிருந்து தெற்கே வந்த மீட்டர்கேஜ் பாதை 1870-களின் பிற்பகுதியில் விழுப்புரத்தையும் கடலூரையும் தொட்டது. புதுச்சேரிக் கிளை 1879 டிசம்பரில் திறந்தது. அதில் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த ஏறக்குறைய 8 மைல் பாதை தனிக் கம்பெனியின் சொத்து. வண்டி ஓட்டியது மட்டும் தென்னிந்திய ரயில்வே. 1944 ஏப்ரல் 1-இல் கம்பெனி நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு ரயில்வே பிறந்தது. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு நிர்வாகம் விலகி, பாதையை வெட்டிய எல்லையும் போயிற்று. புதுச்சேரிக் கிளை இரண்டாயிரங்களின் முதற்பகுதியில் அகலப் பாதையானது. விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதியில் 2006 இறுதியில் மீட்டர்கேஜ் வண்டி நின்றது, 2010-இல் அகலப் பாதையில் பயணிகள் வண்டி வந்தது.

இவ்வளவும் பாதையின் வரலாறு, கட்டடத்தின் வரலாறு அல்ல. பாதை திறந்த ஆண்டையே கட்டடம் கட்டிய ஆண்டாக எழுதிப் பலகை வைப்பது ஊருக்கு ஊர் நடக்கிறது. பாதை போட்ட புதிதில் பல சிறு நிலையங்களில் ஓலைக் கொட்டகையோ தற்காலிக அறையோதான் இருந்திருக்கும். நிலையமே பிற்பாடு, ஊர்க்காரர்கள் மனுப் போட்ட பிறகு வந்ததாகவும் இருக்கலாம். ஆகவே கட்டடத்தின் வயதைக் கட்டடத்திடமே கேட்க வேண்டும்.

கேட்டால் சொல்லும். தளவாடங்களில், விளக்குக் கூட்டில், இரும்புப் பெட்டியில் தென்னிந்திய ரயில்வேயின் மூன்று ஆங்கில முதலெழுத்துகள் இருந்தால் அந்தப் பொருள் 1951-க்கு முந்தியது. இரண்டே எழுத்து என்றால் பிந்தியது. கட்டணப் பலகையில் அணாக் கணக்கு தெரிந்தால் அந்தப் பெயிண்ட் 1957 ஏப்ரலுக்கு முன் அடித்தது. மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருந்தால் 1974-க்குப் பின் போக முடியாது. பெயர்ப் பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் உயரம் அடிக் கணக்கில் இருந்து, அதன்மேல் மீட்டரில் திருத்தியிருந்தால், இரண்டு பெயிண்ட் அடுக்கையும் சுரண்டாமல் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்தாலே படித்துவிடலாம். மாலை நான்கரை மணிக்கு மேல் வெயில் பலகைமேல் பக்கவாட்டில் விழும். அதுவே போதும், விளக்கு வேண்டாம்.

வேலிக்கு நட்ட பழைய தண்டவாளத் துண்டுகளையும் விடாதீர்கள். அவற்றின் இடுப்பில் உருட்டாலையின் பெயர், எடை, ஆண்டு புடைப்பெழுத்தாக இருக்கும். 60 ஆர் என்றால் கஜத்துக்கு 60 பவுண்டு, அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ. 50 பவுண்டு என்றால் 25 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இன்று நீங்கள் போடுவது 60 கிலோத் தண்டவாளம். ஆனால் ஒரு எச்சரிக்கை: தண்டவாளத்தின் ஆண்டு தண்டவாளத்தினுடையது மட்டுமே. பெரிய பாதையில் தேய்ந்தது சிறிய பாதைக்கு வரும், அங்கே தேய்ந்தது சைடிங்குக்கு (வண்டி ஒதுக்கும் பக்கப் பாதைக்கு), கடைசியில் வேலிக்கு. வேலிக் கம்பத்தை வைத்து நிலையத்துக்கு வயது சொன்னவர்களும் உண்டு.

மங்களூர் ஓட்டின் அடிப்பக்கத்திலும் சூளையின் முத்திரை இருக்கும். புதுச்சேரிப் பக்கம் பிரான்சின் மார்சேய் நகர முத்திரையும் வரலாம். ஓடும் அடிக்கடி மாறுகிற பொருள்தான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது இந்தப் பகுதியில் பறக்காத ஓடு குறைவு. ஒரே கூரையில் நான்கு முத்திரை கண்டால் பெரும்பான்மை எது என்று எண்ணுங்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு. 40 சதுர மீட்டர்க் கூரைக்கு 600 ஓடு என்று வைத்துக்கொண்டால், அரை நாளில் எண்ணி முடிக்கிற வேலை.

கட்டடத்தின் உள்ளே போனால் இன்னும் நிறைய இருக்கிறது. அதுதான் எங்களுக்கு முக்கியம். ஒரு சிறு நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் அறை என்பது டிக்கெட் கொடுக்கும் இடம் மட்டுமல்ல. ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் முட்டாமல் காத்த இயந்திரம் அங்கேதான் இருந்தது. நீல்ஸ் பந்து டோக்கன் கருவி இரண்டு, பக்கத்து நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக, சுவரோரம் நின்றிருக்கும். கைப்பிடிக்கு மூன்று நிலை: பாதை மூடியது, வண்டி வருகிறது, வண்டி போகிறது. இரண்டு நிலையத்துக் கருவிகளும் மின்கம்பியால் பிணைந்தவை. மணி அடித்துக் கேட்டு, எதிர்முனை ஒப்புக்கொண்டால்தான் இங்கே ஒரு பந்து விழும். அது வெளியே இருக்கிற வரை இரண்டு முனையிலும் இன்னொரு பந்து வராது. அந்தப் பந்தைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. அடுத்தடுத்த பகுதிகளின் பந்துக்கும் கருவிக்கும் அமைப்பு வேறு வேறு. ஒரு பகுதியின் பந்து அடுத்த பகுதியின் கருவிக்குள் போகவே போகாது.

இதில் என்ன கோளாறு வரும்? ஒரு திசையில் வண்டி அதிகமாகப் போனால் பந்துகள் ஒரு பக்கமே சேர்ந்துவிடும். சிக்னல் ஆள் வந்து பூட்டைத் திறந்து, எண்ணி, மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். பந்து ஒன்று தொலைந்தால் அந்தக் கருவியை நிறுத்திவிட்டு, காகிதத்தில் லைன் கிளியர் (பாதை காலி என்ற அனுமதி) எழுதிக் கொடுத்து வண்டி விட வேண்டும். அந்தப் பதிவேடு ஒன்று கிடைத்தால் அந்த ஊர் வழியே எந்தக் காலத்தில் எந்தத் திசையில் எவ்வளவு வண்டி ஓடியது என்று கணக்கிட்டுவிடலாம்.

கருவி இப்போது இருக்காது. பழைய இரும்புக்குப் போயிருக்கும், இல்லை ஞாபகார்த்தம் என்று யாரோ கொண்டுபோயிருப்பார்கள். (ஆர்வலர் எடுத்தாலும் திருட்டு திருட்டுத்தான்.) ஆனால் தரையில் அதன் தடம் இருக்கும். பெயிண்ட் படாத இரண்டு செவ்வகம், போல்ட் துளைகள், சுவரில் கம்பி ஏறிய மரச்சட்டம், பேட்டரி வைத்த அலமாரியில் அமிலம் தின்ற கறை. செவ்வகங்களின் நீள அகலம், சுவரிலிருந்து தூரம், துளைகளின் இடைவெளி மூன்றையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். கருவி நின்ற இடம் அதிலிருந்து தெரியும். தரையில் டைல்ஸ் ஒட்டிய அன்றைக்கு இதெல்லாம் போய்விடும்.

வெளியே மேடை ஓரத்தில் கைகாட்டியை இழுத்த நெம்புகோல்களின் அடித்தளம் இருக்கலாம். பக்கத்தில் திருகு வைத்த ஒரு சக்கரம் துருப்பிடித்துக் கிடந்தால், அதைக் குப்பை என்று எழுதாதீர்கள். அது கம்பியின் தளர்ச்சியைச் சரிசெய்வது. கைகாட்டிக்குப் போன இரும்புக் கம்பி 600 மீட்டர் என்று வையுங்கள். விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் கம்பியின் சூடு 20 டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் நீளும். காலையில் சரியாக இறங்கிய கை மதியம் பாதியில் தொங்கும். பாதியில் தொங்கும் கையை ஓட்டுநர் 'நில்' என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆகவே வண்டி வெளியே நின்றுவிடும். வெயில் ஏற ஏற முறுக்கி, இறங்க இறங்கத் தளர்த்த ஒருவர் வேண்டியிருந்தது. நம் ஊர் வெயிலுக்கு என்றே தேய்ந்த திருகு அது.

டிக்கெட் ஜன்னலின் அடிப்பலகையைத் தடவிப் பாருங்கள். காசு தள்ளித் தள்ளி நடுவில் குழிந்திருக்கும். அட்டை டிக்கெட்டின் அளவு 57-க்கு 30 மில்லிமீட்டர். அதை அடுக்கிய மரக்கூடு சுவரில் இருந்த இடத்தில் ஆணித் துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு அறையும் ஒரு ஊருக்கு, ஒரு வகுப்புக்கு. எத்தனை அறை என்று தெரிந்தால் அந்த நிலையத்திலிருந்து நேரடி டிக்கெட் எத்தனை ஊர்களுக்கு வழக்கமாக விற்றது என்று ஓரளவு சொல்லலாம். மண்ணெண்ணெய் விளக்கு அறை மட்டும் தள்ளி, தனியாக நிற்கும். தீ பயம். அதைக் கழிவறை என்று வரைபடத்தில் குறித்தவர்கள் உண்டு.

தண்ணீர்த் தொட்டி எல்லா ஊருக்கும் கிடையாது. இருந்தால் தகடுகளை எண்ணுங்கள். வழக்கமான தகடு 4 அடிக்கு 4 அடி. 4 அடி கனசதுரம் ஒன்றுக்குச் சுமார் 1,810 லிட்டர். நீளத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு, உயரத்தில் ஒன்று என்றால் ஏறக்குறைய 10,900 லிட்டர். மீட்டர்கேஜ் ஒய்.பி. நீராவி இன்ஜினின் டெண்டர் (பின்னால் மாட்டிய தண்ணீர், நிலக்கரி வண்டி) 3,000 காலன், அதாவது 13,600 லிட்டர் பிடிக்கும். அந்தத் தொட்டி ஒரு இன்ஜினைக்கூட முழுசாக நிரப்பாது. அப்படியானால் அது அவசரத்துக்கு வைத்தது, முக்கியத் தண்ணீர் நிலையம் வேறெங்கோ இருந்தது என்று தெரிகிறது.

நிலையம் ஏன் மூடியது என்பதற்கு ஊரில் ஒரு பதில் இருக்கும்: 'கூட்டம் இல்லை, எடுத்துட்டான்.' அது பாதிதான். இத்தகைய நிலையங்களின் முதல் வேலை பயணி ஏற்றுவதல்ல, எதிர் வண்டிக்கு வழிவிடுவது. வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைனை எடுத்துவிட்டு, பக்கத்து இரண்டு நிலையங்களுக்கும் நடுவே ஒரே பகுதியாக ஆக்கினால், நடுவில் இருப்பது வெறும் ஹால்ட், வண்டி நின்று போகும் இடம் மட்டும். ஸ்டேஷன் மாஸ்டர் தேவையில்லை, கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட் போதும். சில்லறைச் சரக்கு லாரிக்குப் போனதும் சரக்கு அறை மூடும். அகலப் பாதை வந்ததும் புது மேடை, புது இடம். இந்த வரிசையில் எது முதலில் நடந்தது என்பதை உங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஸ்டேஷன் ஒர்க்கிங் ரூல்ஸ் (அந்த நிலையத்தில் வண்டிகளை இயக்கும் விதிகள்) படிகளே சொல்லும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது வரைபடம் இணைத்திருப்பார்கள். பழைய படியை ரத்து முத்திரை குத்தித் தூக்கிப் போடாமல் ஒரு நகல் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, 30 நாள் காத்திருந்து வாங்கவும் செய்யலாம். ஆனால் அதற்குள் கட்டடம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

இனி அந்த ஐந்து நாளில் என்ன செய்வது என்பது. முதல் நாள் காலையில் எதையும் தொடக் கூடாது, பெருக்கவும் கூடாது. வாசலில் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றி, ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று படம் எடுக்க வேண்டும். அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், அப்போதுதான் பின்னால் கணினியில் சேர்த்து அளவெடுக்க வரும். 10 சென்டிமீட்டருக்கு ஒரு நிறம் மாறும் குச்சி ஒன்று ஒவ்வொரு படத்திலும் இருக்கட்டும். மூன்று அறைக் கட்டடத்துக்கு முந்நூறு படம் ஆகும். குப்பையை அதன் பிறகே, அறைவாரியாகச் சாக்கில் கட்டி, சல்லடையில் போட்டுப் பார்த்து அள்ள வேண்டும். பழைய டிக்கெட், சீல் ஈயம், பீங்கான் இன்சுலேட்டர் எல்லாம் அந்தக் குப்பையில்தான் இருக்கும். கண்ணாடி விரியனும் அதில்தான் இருக்கும். முட்டிவரை பூட்ஸ், நீளக் கழி, டார்ச் இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்க வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் நாள் அளவு. அறையின் நான்கு சுவரோடு இரண்டு மூலைவிட்டத்தையும் எடுக்க வேண்டும். மூலைவிட்டம் இரண்டும் சமமில்லை என்றால் அறை கோணலாக இருக்கிறது, அல்லது ஒரு சுவர் பிற்பாடு கட்டியது. சுவர்க் கனத்தை ஒவ்வொரு கதவு நிலையிலும் தனித்தனியே குறித்தால் ஒட்டுச்சுவர் எது என்று தெரிந்துவிடும். நாடா 30 மீட்டர், கண்ணாடியிழையில் ஆனது. எஃகு நாடா கூடவே கூடாது. இப்போது மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறது. மின்கம்பிக்கு 2 மீட்டருக்குள் ஆளோ, கழியோ, நாடாவோ, ஈரக் குடையோ போகக் கூடாது. மேடை ஓர அளவுகளை உங்கள் பொறியாளர் நின்று எடுத்துத் தரட்டும். அனுமதியில்லாமல் பாதையோரம் போவது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதி கேட்டு இந்த மடலை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காம் நாள் காகிதம். கல்லையே தெப்பமாக்கி அப்பர் கரையேறிய திருப்பாதிரிப்புலியூர் இருக்கும் மாவட்டம் இது. பதிவேடுகள் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் மூழ்கிக்கொண்டிருக்கின்றன. நனைந்ததை வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் சுருண்டு மை வெளுக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பத்துத் தாளுக்கு ஒன்றாக வெள்ளைக் காகிதம் செருகி உலர்த்த வேண்டும். செய்தித்தாள் செருகினால் அதன் மை ஒட்டும். கரையானுக்கு மண்ணெண்ணெயோ பினாயிலோ தெளிப்பது காகிதத்தையும் சேர்த்துக் கொல்வது. நன்றாக உலர்ந்தபின் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். ஐஸ்கிரீம் கடைப் பெட்டி ஒன்று போதும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துப்போய் மறுபடி நனையும். புகார்ப் புத்தகத்தில் பயணிகளின் முகவரி இருக்கும். அதைப் படம் எடுக்கலாம், வெளியிடக் கூடாது.

ஐந்தாம் நாள் ஊர். கேட் கீப்பராக, கேங்மேனாக, போர்ட்டராக வேலை பார்த்தவர்களிடம் 'அந்தக் காலம் எப்படி' என்று கேட்டால் நினைவு கதையாகிவிடும். தரைப்படத்தை விரித்து வைத்து, 'மேசை எந்தப் பக்கம், மணியாக அடித்த தண்டவாளத் துண்டு எங்கே தொங்கியது, முதல் வண்டி எந்தத் திசை' என்று கேட்க வேண்டும். இருவர் தனித்தனியே ஒரே இடத்தில் விரல் வைத்தால் எழுதிக்கொள்ளலாம்.

ஒருவேளை இடிக்காமல் பழுது பார்க்க முடிவு செய்தால் இன்னொரு சிக்கல் வருகிறது. இந்தக் கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. சுண்ணாம்பு மூச்சுவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியே வெளியே போய்விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கும். கடலோர மண்ணின் உப்பு அந்த ஈரத்தோடு ஏறி, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லைப் பொரித்துத் தள்ளும். மூன்று மழைக்குள் பூச்சு பாளம்பாளமாக விழுந்து, பின்னால் செங்கல் மாவாக இருக்கும். அப்போது 'பழைய கட்டடம், தாங்கவில்லை' என்பார்கள். உங்கள் பொறியாளர்களுக்கு இது தெரியாததல்ல. மதிப்பீட்டில் சிமென்ட் எழுதுவது சுலபம், அவ்வளவுதான்.

செய்முறை இது. பொரிந்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ள வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். சுண்ணாம்பைத் தாளித்து, குறைந்தது ஒரு மாதம் தண்ணீருக்கடியில் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடற்கரை மணல் ஒரு சட்டிகூடச் சேரக் கூடாது. பூச்சு ஒரு தடவைக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காக்க வேண்டும். மேலே வெள்ளைச் சுண்ணாம்புதான், எமல்ஷன் அடித்தால் சிமென்ட் பூசின கதைதான்.

கூரை மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்குக் கட்டைகளின்மேல் 1 அங்குலச் சிறு செங்கல்லை நெட்டாக, மூலைவாக்கில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் 75 மில்லிமீட்டர் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டை ஓடு பதித்திருப்பார்கள். ஒழுகினால் மேலே சிமென்ட் கான்கிரீட் போடும் வழக்கம் கட்டைகளைக் கொன்றுவிடும். அந்தக் கூடுதல் எடைக்கு அவை இல்லை. கட்டை உளுத்ததா என்று நடுவில் தட்டிப் பார்ப்பது வீண், சுவருக்குள் செருகிய முனையில்தான் உளுக்கும். அங்கே மெல்லிய துளைக்கருவி வைத்துப் பார்க்க வேண்டும்.

சுவரில் முளைத்த அரசையும் ஆலையும் இழுத்துப் பிடுங்கக் கூடாது. வேரோடு கல்லும் வரும். தண்டை அடியில் வெட்டி, வெட்டிய நிமிடமே வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்து மக்கும்வரை விட்டு, பிறகு ஓட்டையைக் காரையால் அடைக்க வேண்டும். கிளைஃபோசேட் என்றால் 2022 முதல் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் மூலமே பயன்படுத்தலாம்.

எல்லாவற்றையும் விட அடிக்கடி காணும் தவறு ஒன்று உண்டு. மீட்டர்கேஜ் மேடை தாழ்வானது. இன்றைய உயர்மேடை தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர். புது மேடைக்கு மண் கொட்டி உயர்த்தியதும் பழைய கட்டடத்தின் தளம் பள்ளத்தில் போய்விட்டது. மழைத் தண்ணீர் நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் போகிறது. 'அஸ்திவாரம் இறங்கிவிட்டது' என்று இடிப்புக் குறிப்பில் எழுதும் முன் ஒரு ரசமட்டக் குழாய் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டடம் இறங்கியிருக்காது, மேடைதான் ஏறியிருக்கும். சுவரை ஒட்டி 300 மில்லிமீட்டர் அகலத்தில், உள்தளத்துக்கு 150 மில்லிமீட்டர் கீழே, 100-க்கு 1 சரிவில் ஒரு வாய்க்கால் வெட்டி வெளியே விட்டாலே பாதிக் கட்டடம் பிழைக்கும். 2015 நவம்பர் வெள்ளத்தையும் 2024-இல் ஃபெஞ்சல் கொட்டியதையும் பார்த்தபின் இந்த மாவட்டங்களில் வாய்க்காலைப் பற்றி வாதாட வேண்டியதில்லை.

இடிப்பதுதான் முடிவு என்றால், ஜேசிபி வேண்டாம், மேலிருந்து கீழே ஆள் வைத்துப் பிரியுங்கள். கதவு, ஜன்னல், டிக்கெட் ஜன்னல் பலகை, பெயர்ப் பலகை, நெம்புகோல் அடித்தளம், இரும்பு முத்திரை உள்ளவை எல்லாவற்றிலும் துணிச்சீட்டு கட்டி, எண் போட்டு, படத்தில் அதே எண் எழுத வேண்டும். ஒரு ஓடு, ஒரு செங்கல், ஒரு கைப்பிடிக் காரை தனித்தனியே எடுத்து வையுங்கள். திருச்சியில் உங்கள் கோட்டத்துக்கே ரயில் பாரம்பரிய மையம் இருக்கிறது. போய்ச் சேர நல்ல இடம் அதுதான். ஊராட்சி கேட்டால் பெயர்ப் பலகையை மட்டும் ஊரிலேயே நிறுத்தலாம்.

அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வரலாறு எழுதி வைப்பதானால் சரிபார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாகாண அரசின் ரயில்வே நடவடிக்கைக் குறிப்புகள். புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையத்தில் பிரெஞ்சு நிர்வாகத்தின் தாள்கள். வருவாய்த் துறையில் புல வரைபடமும் அ பதிவேடும், நிலம் எப்போது யாரிடமிருந்து ரயில்வேக்குப் போனது என்பதற்கு. தேடும்போது ஊர்ப்பெயரில் ஏமாற வேண்டாம். 1993 செப்டம்பர் வரை கடலூர், விழுப்புரம் பகுதி எல்லாம் தென்னார்க்காடு மாவட்டம். பழைய அட்டவணையில் கடலூர் நியூ டவுன் என்றால் திருப்பாதிரிப்புலியூர், ஓல்டு டவுன் என்றால் இன்றைய துறைமுகச் சந்திப்பு, போர்ட்டோ நோவோ என்றால் பரங்கிப்பேட்டை.

முடிவெடுக்க நேரம் ஆகலாம். அதுவரைக்கும் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய கட்டடத்தின் சாவி பக்கத்து நிலையத்தில் இருக்கிறது. அங்கே ஒரு நோட்டு வைத்து, யார் வாங்கினார், எப்போது திருப்பினார் என்று கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். பின்பக்க ஜன்னலுக்குக் கம்பி இல்லை. இந்த வாரமே ஒரு பலகை அடித்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரிப் பகுதியில் ரயில் பாதை வரலாறு தொகுப்போர்